ஐம்பத்து மூன்று பல்

ஹால்ஸ்டன், மினசோட்டா
ஜனவரி 18, 1987

தம்பி ஓரினுக்கு,

போனில் கூப்பிட்டால் நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன். இனிமேல் எழுதித்தான் பேச வேண்டும், தபால்தலை ஒட்டுவதற்குள் கோபம் பாதி இறங்கிவிடும் என்று உன் மனைவி மேவிஸ் சொன்னாளாம். எனக்கு இறங்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் உனக்கு ஒரு செய்தி இருக்கிறது.

ரோட்டரி டேபிள் வாங்கிவிட்டேன், வட்டைக் கோணம் கோணமாகத் திருப்பிப் பல் வெட்ட உதவும் சுழல்தட்டு.

தேங்ஸ்கிவிங் விருந்தில் பதினோரு பேர் முன்னால் நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "அக்கா, பல்சக்கரம் வெட்டுறதெல்லாம் பேக்டரி வேலை. உன் கராஜ்ல வெண்ணெய்கூட நேரா வெட்ட முடியாது. நீ பேசாம ஸ்கூல் பஸ்ஸை ஓட்டு." எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அவருக்கு ஒரு வாரம் சூப் மட்டும்தான்.

விளையாட்டுக்காக நான் இதில் இறங்கவில்லை. பூங்காவில் நிற்கும் பாப்கார்ன் வண்டி உனக்குத் தெரியும். என் தோழி ஆர்டிஸ்தான் இருபது கோடையாக அதை நடத்துகிறாள். அதன் குட்டி நீராவி எஞ்சினுக்கும் பொரிக்கிற சட்டிக்கும் நடுவில் ஒரு வெண்கலப் பல்சக்கரம் உண்டு. செப்டம்பரில் அதில் ஆறு பல் உதிர்ந்துவிட்டது. வண்டியைச் செய்த கம்பெனியில் அந்தச் சக்கரம் இப்போது கிடையாது. இன்ஷூரன்ஸ் விற்கும் சபை உறுப்பினர் ராய்ஸ் லின்டால் நகரசபையில் எழுந்து, ஓடாத வண்டி ஊருக்கு எதற்கு, மினியாபொலிஸில் ஒரு ஓட்டல்காரர் கண்ணாடிக்குள் அலங்காரமாக வைக்கக் கேட்கிறார், கொடுத்துவிடலாம் என்றார். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து, "அந்தச் சக்கரத்தை நான் செஞ்சு தரேன்" என்று சொல்லிவிட்டேன். மே மாதம் பன்னிரண்டாம் தேதி சபை கூடும்போது வண்டி ஓட வேண்டும். ஓடாவிட்டால் அது மினியாபொலிஸுக்குப் போகும். நானும் இந்த ஊரில் தலைநிமிர்ந்து பஸ் ஓட்ட முடியாது.

டேபிள் கிடைத்த கதையைக் கேள். இங்கிருந்து வடக்கே ஒரு பண்ணையில் ஏலம். மூக்கு முடி உறைகிற குளிர். கொட்டகை மூலையில், ஊறுகாய் ஜாடிப் பெட்டிகளுக்கு நடுவே, கிரீஸும் கோழி எச்சமும் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பழைய இரும்பு வாங்கும் ஆள் ஒருவன் தராசுக் கண்ணோடு சுற்றிக்கொண்டிருந்தான். நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜாடிகளை ஒவ்வொன்றாக எடுத்து விளிம்பில் விரிசல் இருக்கிறதா என்று தடவிக்கொண்டே நின்றேன். ஏலக்காரன் கடைசியில், "ஜாடி பத்து டஜன், கூடவே இந்தக் கேக்குக்கு ஐசிங் போடுற தட்டு" என்று ஒரே குவியலாகக் கூவினான். ஜாடி எடைக்குப் போகாது என்று இரும்புக்காரன் ஒதுங்கிவிட்டான். ஜாடிக்காக ஒரு பாதிரியார் மனைவி மட்டும் என்னோடு மல்லுக்கு நின்றாள். முடிந்ததும் ஜாடி முழுவதையும் அவளுக்கே கொடுத்துவிட்டேன். அவள் என்னைப் புனிதவதி என்று நினைத்துக்கொண்டு போனாள்.

எண்பது பவுண்டு இருக்கும். பனிச்சறுக்குப் பலகையில் வைத்து, கயிறு கட்டி, கராஜ் வரைக்கும் நானே இழுத்து வந்தேன்.

இதை உனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தோன்றியது. உன் உதவி கேட்டு எழுதவில்லை.

வெர்டெல்


மில்வாக்கி
ஜனவரி 29, 1987

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. மேவிஸ் அதை எனக்கு முன்னால் பிரித்துப் படித்துச் சிரித்துவிட்டாள். புனிதவதி என்ற இடத்தில் அதிகமாகச் சிரித்தாள்.

நான் சொன்னதைத் திரும்பப் பெறப்போவதில்லை. முப்பத்தொரு வருஷம் பேக்டரிக்குக் கருவிகள் செய்யும் டூல்ரூமில் இருக்கிறேன், பத்து வருஷமாக போர்மேன். பல்சக்கரம் வெட்டுவது பிஸ்கட் வெட்டுவது போல இல்லை. எல்லாப் பல்லும் ஒத்து வந்து ஒரே ஒரு பல் ஏமாற்றினாலும் மொத்தமும் குப்பை. நீ ஏன் இப்படி ஊர் முன்னால் வாயைக் கொடுத்தாய் என்று எனக்குப் புரியவில்லை. சின்ன வயதிலிருந்தே நீ இப்படித்தான்.

யோசனை சொல்லவில்லை, கேள்விதான் கேட்கிறேன். மேல்தட்டில் எத்தனை டிரில் காயம் இருக்கிறது? அதைப் பார்த்தாலே முன்னால் வைத்திருந்தவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துவிடும். கைப்பிடி சுற்றுகிறதா? பல் எண்ணிக்கைக்கு ஏற்றபடி கைப்பிடியை நிறுத்தும் துளைத்தட்டுகள் கூட வந்தனவா? கைப்பிடி இறுகியிருந்தால் சுத்தியலைத் தொடாதே. தொட்டால் உள்ளே இருக்கும் திருகு போய்விடும், பிறகு அது நிஜமாகவே ஐசிங் தட்டுதான்.

அத்தானை விசாரித்ததாகச் சொல். அவருக்குச் சூப் தவிர வேறு ஏதாவது கொடு.

ஓரின்


ஹால்ஸ்டன்
பிப்ரவரி 22, 1987

ஓரினுக்கு,

கேள்விதான் கேட்கிறாயாம். சரி, பதில் எழுதுகிறேன்.

டிரில் காயம் ஒன்பது. எட்டு ஒரே பக்கத்தில், பிறை மாதிரி வளைந்து இருக்கின்றன. ஒன்று மட்டும் தனியாக, ஆழமாக. முன்னால் வைத்திருந்தவர் எட்டு முறை தட்டைத் துளைத்தபோதும் பாடம் கற்கவில்லை, ஒன்பதாவது முறை தன் கட்டைவிரலைத்தான் துளைத்திருப்பார், அதற்குப் பிறகுதான் விற்றார் என்று நினைக்கிறேன்.

துளைத்தட்டு எதுவும் வரவில்லை. டிகிரி கோடு போட்ட விளிம்பும் கைப்பிடி வளையமும் இருக்கின்றன, கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன.

கைப்பிடி சுற்றவில்லை. பாறை. சுத்தியலைத் தொடவில்லை, நீ சொன்னாய் என்பதற்காக இல்லை, எனக்கே தெரியும். ஒரு வாரம் மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன். அசையவில்லை. பிறகு அதைச் சமையலறை அடுப்பின் உள்ளறையில் வைத்து மெல்லிய சூட்டில் விட்டேன். வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து, மூக்கை உறிஞ்சி, "இன்னைக்கு இறைச்சி ஹாட்டிஷா?" என்று ஆசையாகக் கதவைத் திறந்தார். கிரீஸ் புகை முகத்தில் அடித்தது.

"வெர்டெல், இதைத் திங்கிறதா, திருப்பிப் போடுறதா?"

"கைப்பிடியைப் பிடிச்சுத் திருகுங்க, கையுறை போட்டுக்கங்க" என்றேன்.

அவர் திருகினார். ஒரு முனகல் முனகி, கால் சுற்று வந்தது. பிறகு முழுச் சுற்று. மனிதர் சாப்பாட்டை மறந்துவிட்டார். அடுப்பு முன்னால் மண்டியிட்டு, "சுத்துது, சுத்துது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தேங்ஸ்கிவிங்கில் சிரித்ததற்கு அன்றைக்கு மன்னித்தேன். அடுப்பில் இன்னும் நாற்றம் போகவில்லை.

முழுவதும் பிரித்தேன். உள்ளே திருகுத்தண்டும், அது கடிக்கிற பெரிய சக்கரமும் புத்தம் புதிது மாதிரி. ஒன்பது ஓட்டைக்காரர் மேலே செய்த அட்டூழியம் கீழே இறங்கவில்லை. எல்லாம் கழுவி, எண்ணெய் விட்டு, திரும்பப் பூட்டினேன். முதலில் பூட்டியபோது ப்ளே அதிகம், கைப்பிடியைத் தொட்டால் கால் சுற்று சும்மா போயிற்று. தண்டை உட்பக்கம் தள்ளுகிற புஷ்ஷைக் கொஞ்சம் திருப்பி இறுக்கினேன். இப்போது கடுகளவு ப்ளேதான், அது இருக்கத்தான் வேண்டும்.

பிறகு கராஜில் நான் வைத்திருக்கும், உலோகம் செதுக்கும் மில்லிங் மெஷினில் ஏற்றினேன். ஏற்றும்போது இடுப்பில் ஏதோ சத்தம் கேட்டது, அதை விடு. டேபிளின் நடுத்துளையை மெஷினின் நடுவுக்கு நேராக வைக்க விலகலை முள்ளால் காட்டும் டயல் கேஜோடு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போராடினேன். ஒரு பக்கம் தட்டினால் மறுபக்கம் போகிறது. சர்ச்சுக்குப் போகவில்லை. சாயங்காலம் முள் அசையாமல் நின்றது. டேபிளை முழுச் சுற்றுச் சுற்றினேன், முள் தூங்கிக்கொண்டிருந்தது. யாரும் இல்லாத கராஜில் நான் கைதட்டினேன் என்றால் நீ நம்புவாயா?

வெர்டெல்


மில்வாக்கி
மார்ச் 5, 1987

அக்கா,

ப்ளே சரிசெய்ததும் நடு பிடித்ததும் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறாய். அடுப்பில் வைத்ததைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. டூல்ரூமில் சொன்னேன், யாரும் நம்பவில்லை.

ஐம்பத்து மூன்று பல் என்று எழுதியிருந்ததே ஆர்டிஸ் எனக்குத் தனியாக அனுப்பிய சக்கரப் படத்தில், அது தொல்லை பிடித்த எண். எதாலும் வகுபடாது. துளைத்தட்டு இல்லையென்றால் கோணத்தைக் கணக்குப் போட்டுத்தான் நகர்த்த வேண்டும். டிகிரியை அறுபதாகப் பிரித்தால் ஒரு மினிட். ஒவ்வொரு பல்லுக்கும் ஆறு டிகிரி நாற்பத்தெட்டு மினிட் நகர்த்து. சரியாகச் சொன்னால் இதைவிட அரை மினிட் போலக் குறைவாக வரும், அதெல்லாம் கண்ணுக்கே தெரியாது, பாப்கார்னுக்கும் தெரியாது. ஒரே திசையில் சுற்று. தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் போய்விட்டுத் திரும்ப வா. ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் பூட்டை இறுக்கு.

இன்னொன்று. யோசித்துத்தான் எழுதுகிறேன். உடைந்த சக்கரத்தைத் தபாலில் அனுப்பு. எங்கள் டூல்ரூமில் சாப்பாட்டு இடைவேளையில் ஒன்று வெட்டிவிடுகிறேன். யாருக்கும் தெரிய வேண்டாம். நீ வெட்டினதாகவே இருக்கட்டும். உன் மானமும் தப்பும், வண்டியும் தப்பும். கோபப்படாதே, நல்லதற்குத்தான் சொல்கிறேன்.

ஓரின்


ஹால்ஸ்டன்
மார்ச் 12, 1987

ஓரின்,

கோபப்படாதே என்று எழுதினால் கோபம் வராது என்று உனக்கு யார் சொன்னது?

நீ வெட்டிய சக்கரத்தை நான் வெட்டியதாகச் சொல்லி, ஆர்டிஸ் முகத்தைப் பார்த்து, ஊர் கைதட்டுவதையும் வாங்கிக்கொண்டு, பிறகு ஒவ்வொரு கோடையும் அந்த வண்டியைத் தாண்டி பஸ் ஓட்ட வேண்டும். அப்படி ஒரு மானம் எனக்கு வேண்டாம். யார் செய்தது என்று ஒருவர் கேட்டால், நான் என்று எச்சில் விழுங்காமல் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் எண்பது பவுண்டு இரும்பைப் பனியில் இழுத்தேன்.

உடைந்த சக்கரத்தை அனுப்பமாட்டேன். உன் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், அது உன் தொழில், அதில் உன்னை நம்புகிறேன்.

வெர்டெல்


ஹால்ஸ்டன்
ஏப்ரல் 6, 1987

ஓரின்,

இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் வருகிறது. அதில் இருப்பது நீ சொன்ன கணக்கில் வெட்டிய பல்சக்கரம். கேஜை எடுத்துக் கடைசிப் பல்லை அளந்து பார்.

இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து வெட்டினேன். ஒவ்வொரு பல்லுக்கும் ஆறு டிகிரி நாற்பத்தெட்டு. ஒரே திசை. ஒவ்வொரு முறையும் பூட்டினேன், ஒரு முறைகூட மறக்கவில்லை. ஆர்டிஸ் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பல்லை எண்ணிக்கொண்டு, மூச்சுக்கூட மெதுவாக விட்டாள். பாதி வரும்வரை சக்கரம் நகை மாதிரி இருந்தது. கடைசியில் சுற்றி வந்து, முதல் பல்லை ஒட்டிய ஐம்பத்து மூன்றாவது பல்லில் நின்றபோது, அந்த ஒரு பல் மட்டும் மெலிந்துபோய் நிற்கிறது. ஒரு தபால் அட்டை தடிமன் குறைகிறது. வண்டியில் மாட்டிக் கையால் சுற்றினோம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை டக் என்று இடிக்கிறது. நீராவி விட்டுப் பார்க்கும் துணிச்சல் இல்லை.

"ஒரு பல்தானே, வெர்டெல்" என்றாள் ஆர்டிஸ். "ஓடாதா?"

"ஓடும், நாலு நாள்" என்றேன். அவள் அழவில்லை, என்னை ஆறுதல் படுத்துவதற்காக ரூபார்ப் பை பலகாரம் சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். அதுதான் தாங்கவில்லை.

கண்ணுக்குத் தெரியாது என்று எழுதினாயே. எனக்குத் தெரிகிறது. பாப்கார்னுக்கும் தெரியும்.

பல் வெட்டாத வெண்கல வட்டு இன்னும் ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

வெர்டெல்


மில்வாக்கி
ஏப்ரல் 14, 1987

அக்கா,

பொட்டலம் வந்தது. முதலில் நீதான் எங்கேயோ ஒரு இடத்தில் பூட்டை மறந்திருப்பாய் என்று நினைத்தேன். அப்படியே எழுதவும் ஆரம்பித்தேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

எல்லாப் பல்லையும் அளந்தேன். ஐம்பத்திரண்டும் ஒன்றுபோல் இருக்கின்றன. நல்ல வேலை. இப்படி வெட்டுகிற ஆட்கள் எங்கள் டூல்ரூமில் இரண்டு பேர்தான் உண்டு, அவர்களில் ஒருவன் நான் என்று சொல்லிக்கொள்வேன். பிறகு காகிதத்தில் கணக்குப் போட்டேன். ஒவ்வொரு பல்லிலும் நான் தள்ளிவிட்ட அரை மினிட், ஐம்பத்திரண்டு முறை சேர்ந்து, கடைசிப் பல்லில் போய் விழுந்திருக்கிறது. எங்களிடம் துளைத்தட்டு இருக்கிறது. சேர்த்து நகர்த்தும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். நான் ஒரு நாளும் கோணத்தில் வெட்டியதே இல்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதிவிட்டேன்.

இதை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

அந்த மிச்ச வட்டை என்னிடம் அனுப்பு. திட்டினாலும் பரவாயில்லை. இரண்டாவது முறையும் போனால் வண்டி போய்விடும், நீ என்னை ஜென்மத்துக்கும் மன்னிக்கமாட்டாய். தட்டில் வைத்து நான் வெட்டினால் தப்பாது. நான் வெட்டினேன் என்று நீ ஊரில் சொல்லிவிடு, எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஓரின்


ஹால்ஸ்டன்
ஏப்ரல் 27, 1987

தம்பி ஓரினுக்கு,

வட்டு அனுப்பவில்லை. காரணம் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நீ கிழித்த தாளுக்காக உன்னை முக்கால்வாசி மன்னித்துவிட்டேன்.

முந்தின திங்கட்கிழமை பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். பனி உருகி மண்சாலை சேறாகிவிட்டது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கொஞ்சம் கொஞ்சம் தாமதம். அப்போதுதான் மண்டையில் விளக்கு எரிந்தது. நான் பஸ் ஓட்ட ஆரம்பித்த வருஷம் இதே தப்பைத்தான் செய்தேன். இந்த வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு இவ்வளவு நேரம் என்று ஒவ்வொரு நிறுத்தத்தையும் முந்தின நிறுத்தத்திலிருந்து கணக்குப் போட்டேன். ஒவ்வொன்றிலும் கொசுறு தாமதம். யாருக்கும் தெரியாது. ஆனால் கடைசியில் ஏறும் நெல்வின் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் தினமும் மணி அடித்த பிறகுதான் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் அம்மா என்னை வாசலில் நிறுத்திக் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து எல்லா நிறுத்தத்தையும் பஸ் கொட்டகையை விட்டுக் கிளம்பிய நேரத்திலிருந்துதான் கணக்கு வைக்கிறேன். ஒரு வாசலில் பிந்தினால் அந்தத் தப்பு அந்த வாசலோடு முடிந்துபோகும். அடுத்த வாசலுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போகமாட்டேன்.

உன் கணக்கில் ஒவ்வொரு பல்லும் முந்தின பல்லை நம்பி நிற்கிறது, ஓரின். நெல்வின் பிள்ளைகள்தான் கடைசிப் பல்.

வீட்டுக்கு வந்து, ஒவ்வொரு பல்லும் பூஜ்யத்திலிருந்து எத்தனை டிகிரி எத்தனை மினிட் என்று தனித்தனியாகக் கணக்குப் போட்டு, கராஜ் கதவின் உட்பக்கத்தில் சாக்குக்கட்டியால் எழுதினேன். ஒவ்வொன்றிலும் கால் மினிட், அரை மினிட் தப்பு இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். ஒன்றோடொன்று சேராது. ஆர்டிஸ் ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்தாள். நான் கைப்பிடியை அந்த எண்ணுக்குக் கொண்டுவந்து, பூட்டி, வெட்டினேன். யாரும் கதவைத் திறந்துவிடாதபடி வீட்டுக்காரர் வெளியே காவல் நின்றார், கதவு மேலே போனால் கணக்கும் மேலே போய்விடும் என்று.

கடைசிப் பல் வந்தது. கேஜ் வைக்கத் துணிச்சல் வரவில்லை, ஆர்டிஸிடம் கொடுத்தேன். அவளுக்குக் கேஜ் படிக்கத் தெரியாது, என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். அளந்தேன். மற்ற பல் எப்படியோ அதுவும் அப்படியே. மயிரிழை வித்தியாசம்கூட இல்லை.

வண்டியில் மாட்டினோம். கையால் சுற்றினோம். சத்தமே இல்லை. கொதிகலனில் தண்ணீர் விட்டு நீராவி ஏற்றினோம். எஞ்சின் இரண்டு முறை இருமி, ஓட ஆரம்பித்தது, சட்டியில் துடுப்பு சுற்றியது. ஆர்டிஸ் ஒரு கை சோளத்தை அள்ளிப் போட்டாள். பொரியும் சத்தம் கேட்டதும் வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார், அது ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. நான் ஆர்டிஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன், இரண்டு பேர் மேலும் வெண்கலத் தூள். சூடான பாப்கார்னை வாளியில் வைத்துச் சாப்பிட்டோம். உப்பு போட மறந்துவிட்டோம், யாரும் கவனிக்கவில்லை.

இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

மே பன்னிரண்டு இருக்கிறது இன்னும். ராய்ஸ் லின்டால் சும்மா விடமாட்டார்.

வெர்டெல்


ஹால்ஸ்டன்
மே 13, 1987

ஓரின்,

நேற்று சபையில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் பாதி எனக்குத் தெரியும். இரண்டாவது பாதி உனக்குத்தான் தெரியும், அதை நீ எழுதியாக வேண்டும்.

வண்டியைச் சபைக் கட்டடத்தின் முன்னால் நிறுத்தி, ஆர்டிஸ் எல்லோருக்கும் பொரித்துக் கொடுத்தாள். உறுப்பினர் ஐந்து பேரும் கையில் பையோடு உள்ளே வந்தார்கள். இதோடு முடிந்தது என்று நினைத்தேன். ராய்ஸ் எழுந்தார், மீசையில் உப்பு.

"ஓடுது, ஒத்துக்கறேன். நல்லாவும் ஓடுது. ஆனா நான் ஒண்ணு கேக்கறேன். வெர்டெலோட தம்பி மில்வாக்கியில பெரிய டூல்ரூம்ல போர்மேன். இது அங்கேர்ந்து வந்த சக்கரம்னு எல்லாருக்கும் தெரியும். தப்பில்ல. ஆனா அடுத்த வருஷம் இன்னொண்ணு போச்சுன்னா? தம்பி ரிட்டயர் ஆயிட்டா? இந்த ஊர்ல இதைச் செய்ய ஆள் இல்லைன்னா வண்டியை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

நான் எழுந்தேன். "நான்தான் வெட்டினேன், ராய்ஸ்."

"நீ நல்லா பஸ் ஓட்டறே வெர்டெல், அதை யாரும் மறுக்கல" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கு நவம்பர் மாதத் தேங்ஸ்கிவிங் விருந்து திரும்ப வந்த மாதிரி இருந்தது.

ஆர்டிஸ் எழுந்து தான் பக்கத்தில் இருந்ததாகச் சொன்னாள். என் வீட்டுக்காரர் கராஜ் கதவில் இன்னும் கணக்கு அழியாமல் இருக்கிறது, வந்து பாருங்கள் என்றார். ராய்ஸ் கேட்கவில்லை. "தோழி சொல்லுவா, புருஷன் சொல்லுவார். தம்பிகிட்டயே கேட்டுரலாமே. நம்பர் குடு" என்றார்.

கொடுத்தேன். பக்கத்து அறையில் போன் இருக்கிறது. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த நேரம் எனக்கு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். என் கடைசிக் கடிதத்துக்கு நீ பதிலே போடவில்லை. நீ டூல்ரூமில் பெரிய ஆள். முன்பின் தெரியாத ஒருவன் திடீரென்று கூப்பிட்டு, நீங்கதானே செஞ்சீங்க என்று மரியாதையாகக் கேட்டால், ஆமாம் என்று சொல்ல வேண்டியதுகூட இல்லை. 'கணக்கெல்லாம் நான்தான் சொன்னேன்' என்று சிரித்தால் போதும். அது பொய்யும் இல்லை. அந்த ஒரு வார்த்தையில் என் வண்டி போய்விடும். கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாப்கார்ன் பை கையில் கசங்கியது. அவர் வெளியே வரவே இல்லை. எழுத்தர் அடுத்த விஷயத்தை எடுக்கலாமா என்று இரண்டு முறை கேட்டார். குப்பைத்தொட்டி மூடிகள் பற்றி ஒரு தீர்மானம் நிறைவேறிவிட்டது.

கதவு திறந்தது. ராய்ஸ் முகம் பீட்ரூட் மாதிரி இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, "ரோட்டரி டேபிள்னா என்னன்னு எனக்கு இப்பத் தெரியும்" என்றார். "நான் கேக்கவே இல்ல. அவர் விடல." பிறகு என் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, "வண்டி இங்கேயே இருக்கட்டும். முதல் ஓட்டு என்னோடது" என்றார்.

ஐந்து கையும் மேலே போயிற்று. ஊரே எழுந்து நின்றது, ஓரின். வரிசையில் என்னோடு பஸ்ஸில் வந்து வளர்ந்த பாதி ஊர் இருந்தது. ஆர்டிஸ் என் முதுகில் அடித்த அடி இன்னும் வலிக்கிறது. வெளியே வந்ததும் ராய்ஸே வந்து கை கொடுத்து, அவர் மனைவியின் தையல் மெஷினில் ஒரு சக்கரம் தேய்ந்திருக்கிறது, பார்க்க முடியுமா என்று கேட்டார்.

நீ அவரிடம் என்ன சொன்னாய்? அவர் சொல்ல மறுக்கிறார்.

வெர்டெல்


மில்வாக்கி
மே 17, 1987

அக்கா,

பதில் போடாததற்குக் காரணம், ஏப்ரல் கடிதத்தை டூல்ரூமுக்கு எடுத்துப் போனேன். கை மாறி மாறி எங்கேயோ போய்விட்டது. நெல்வின் பிள்ளைகள் இப்போது எங்கள் டூல்ரூமில் பிரபலம். யாராவது பிந்தி வந்தால் அவர்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது போன் அடித்தது. அந்த மனிதர் தன் பெயரைச் சொல்லி, மரியாதையாகத்தான் பேசினார். "அந்தப் பாப்கார்ன் வண்டி கியரை நீங்கதானே சார் செஞ்சு அனுப்புனீங்க? மறைக்க வேண்டாம், உங்க வேலை அப்படியே தெரியுது" என்றார்.

அக்கா, நீ பயந்தது சரிதான். ஒரு நொடி எனக்கு இனித்தது. உண்மையைச் சொல்கிறேன்.

பிறகு நான் சொன்னது இது. "சார், நான் சொன்ன கணக்குல வெட்டின கியர் ஒண்ணு இருக்கு. அது என் மேஜை மேல பேப்பர் பறக்காம இருக்க வெச்சிருக்கேன். அதுக்கு மேல அதுக்கு உபயோகம் இல்ல. உங்க வண்டியில ஓடுறது எங்க அக்கா கணக்கு, எங்க அக்கா வெட்டினது. முப்பத்தொரு வருஷமா இதே வேலை பாக்கிற நான் தப்பு பண்ணினேன், அவ கண்டுபிடிச்சா." அவர் ஏதோ சொல்ல வந்தார். விடவில்லை. ரோட்டரி டேபிள் என்றால் என்ன, ஐம்பத்து மூன்று ஏன் பொல்லாத எண், கடைசிப் பல்லில் ஏன் எல்லாத் தப்பும் போய் விழுகிறது, எல்லாம் விளக்கினேன். தேங்ஸ்கிவிங்கில் நான் என்ன சொன்னேன் என்பதையும் சொன்னேன். அதை இப்போது வாபஸ் வாங்குவதாகவும் சொன்னேன். அவருக்கு அதற்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் எனக்குச் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது.

கடைசியில் அவர், "அப்ப அடுத்த தடவை உடைஞ்சா?" என்றார்.

"எங்க அக்காகிட்ட போங்க" என்றேன். "அவளால முடியலைன்னு சொன்னா எனக்குப் போன் பண்ணாதீங்க. அவளால முடியாதது என்னாலயும் முடியாது."

போனை வைத்தேன். மேவிஸ் கரண்டியோடு அப்படியே நின்றுகொண்டிருந்தாள். "யாரைப் பத்தி இவ்வளவு நேரம் பெருமை அடிச்சீங்க?" என்றாள்.

"எங்க அக்காவைப் பத்தி" என்றேன். சாப்பாடு ஆறிப்போயிருந்தது. இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டேன்.

ஓரின்